பழைய ஹோண்டா ஈசியுவில் மெமரி சிப்பும் சாக்கெட்டும்: தேர்ந்தெடுப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

1992 முதல் 1995 வரை வந்த ஹோண்டா சிவிக், 1994-95 இன்டெக்ரா ஆகிய கார்களின் என்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, ட்யூனிங் உலகில் தனி மதிப்பு உண்டு. உள்ளே இருப்பது ஓகேஐ நிறுவனத்தின் 66207 ப்ராசஸர். பெட்ரோல், இக்னிஷன் அட்டவணைகளும் அவற்றை நடத்தும் நிரலும் அந்த ப்ராசஸருக்குள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்டவை. அவற்றை மாற்ற முடியாது. ஆனால் அதே போர்டில் வெளி மெமரி சிப் ஒன்றுக்கான துளைகளை ஹோண்டா விட்டுவைத்திருக்கிறது. அங்கே சிப்பைப் பொருத்தி ஒரு ஜம்பரை (இரு துளைகளைச் சேர்க்கும் சிறு கம்பி) இணைத்துவிட்டால், ப்ராசஸர் தன் உள் மெமரியை விட்டுவிட்டு வெளிச் சிப்பைப் படிக்கத் தொடங்கும். ஆயிரக்கணக்கில் செலவாகும் தனி ஈசியு வாங்காமல் பழைய ஹோண்டாவை ட்யூன் செய்யும் வழி இதுதான்.

இந்த வேலையில் தவறுவது பெரும்பாலும் சால்டரிங் அல்ல. கடையில் "256 சிப் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருவதிலும், ப்ரோக்ராமரில் (சிப்பில் கோப்பை எழுதும் கருவி) தவறான முகவரியில் எழுதுவதிலும், இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து மட்டமான சாக்கெட் போடுவதிலும்தான் தவறுகிறது. எனவே சிப்பின் கால்களைப் பற்றி இங்கே கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

கவனிக்க: அமெரிக்காவில் சாலையில் ஓடும் காரின் புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் மத்தியச் சட்டப்படி தடை உண்டு. கீழே உள்ளது பந்தயத் தடத்துக்கும் பரிசோதனைக்கும் உரிய வேலை.

முதலில் ஈசியுவை அடையாளம் காணுங்கள்

இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள சிவிக்கில் ஈசியு பயணி கால் வைக்கும் பக்கம், கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும். கேபினுக்குள் இருப்பதால் என்ஜின் சூடு நேராகத் தாக்காது. சிப் தேர்வில் இது நமக்குச் சாதகம். பெட்டியின் ஸ்டிக்கரில் 37820 என்று தொடங்கும் எண் இருக்கும். அதற்கு அடுத்த மூன்று எழுத்துகள்தான் முக்கியம். பி28 என்றால் விடெக் (வால்வு திறப்பை வேகத்துக்கேற்ப மாற்றும் ஹோண்டா முறை) உள்ள டி16இசட்6 என்ஜினுக்கானது, ட்யூனிங்குக்கு அதிகம் தேடப்படுவது. பி06 விடெக் இல்லாத டி15பி7-க்கு உரியது. பி72 இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர், பி30 டெல் சோல் விடெக். 1996 முதல் வந்த ஈசியுக்களில் இந்தத் துளை வசதி கிடையாது. அந்தக் கார்காரர்கள் மாற்று வயரிங் ஹார்னஸ் போட்டுப் பழைய பி28-ஐயே மாட்டுகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். மீன்வாடை போன்ற நாற்றம், கெப்பாசிட்டருக்கு அடியில் பழுப்புக் கறை, பச்சை பூத்த செப்புத் தடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. முப்பது வயது கடந்த போர்டில் இது சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் சிப் போட்டால், பிறகு வரும் கோளாறு எதனால் என்று பிரித்தறியவே முடியாது.

வாங்க வேண்டியவை

28 கால் சாக்கெட் ஒன்று. 74எச்சி373 லாட்ச் ஐசி ஒன்று, 20 கால். 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இரண்டு. மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டைகள். ஜம்பருக்கு ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய ஒரு துண்டுக் கம்பியே போதும். பிறகு மெமரி சிப். தவறும் என்று வைத்துக்கொண்டு சிப் மட்டும் இரண்டாக வாங்குங்கள்.

லாட்ச் எதற்கு? ஓகேஐ ப்ராசஸர் தன் முகவரியின் கீழ் எட்டு பிட்டுகளையும் தரவையும் ஒரே எட்டுக் கம்பிகளில் மாற்றி மாற்றி அனுப்புகிறது. 373 அந்த முகவரியைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அப்போதுதான் அதே கம்பிகளில் தரவு திரும்பி வர முடியும். கடையில் 373 இல்லை என்று 74எச்சி573 கொடுத்தால் வாங்காதீர்கள். வேலை ஒன்றேதான், ஆனால் கால் வரிசை முற்றிலும் வேறு. இந்தப் போர்டில் உட்காராது.

மெமரி சிப்: முதல் காலும் இருபத்தேழாம் காலும்

ஹோண்டா போர்டின் துளைகள் 27சி256 என்ற ஈப்ராமுக்காக (புற ஊதா ஒளியால் அழித்துத் திரும்ப எழுதும் மெமரி சிப்) வரையப்பட்டவை. 32 கிலோபைட், 28 கால், இரு வரிசைக்கும் நடுவே 15.24 மில்லிமீட்டர். இந்த அளவில் வரும் சிப்புகளின் கால் வரிசை ஏறக்குறைய ஒன்றே: 14 தரை, 28 ஐந்து வோல்ட், 11 முதல் 13 வரையும் 15 முதல் 19 வரையும் தரவு, 20 சிப் தேர்வு, 22 வெளியீட்டு அனுமதி. வேறுபாடு பெரும்பாலும் 1-ஆம் காலிலும் 27-ஆம் காலிலும் மட்டுமே. கார் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததும் அந்த இரண்டு கால்களில் இருக்கிறது.

27சி256-இல் 1-ஆம் கால் எழுதும் மின்னழுத்தத்துக்கு. படிக்கும்போது அது ஐந்து வோல்ட்டில் இருக்க வேண்டும், ஆகவே போர்டு அதை ஐந்து வோல்ட்டோடு இணைத்திருக்கிறது. 27-ஆம் கால் ஏ14 என்ற மேல்முகவரி. மல்ட்டிமீட்டரை ஒலிக்கும் நிலையில் வைத்து 1-க்கும் 28-க்கும் தொடர்பு இருக்கிறதா என்று உங்கள் போர்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு சிப்பாக.

ஏடி29சி256. 32 கிலோபைட் ஃப்ளாஷ். 1-ஆம் கால் எழுது சைகை, 27 ஏ14. எழுது சைகை ஐந்து வோல்ட்டில் கட்டப்பட்டுவிடுவதால் காரில் ஓடும்போது சிப் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாது. மாற்றம் எதுவும் இல்லாமல் அப்படியே உட்காரும். புற ஊதா விளக்கு தேவையில்லை, உயர் மின்னழுத்தமும் தேவையில்லை, ஐந்து வோல்ட்டிலேயே எழுதலாம். 64 பைட் கொண்ட பக்கம் பக்கமாக எழுதும். பத்தாயிரம் தடவை தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் தேர்வு இதுவே. உற்பத்தி நின்றுவிட்டதால் நல்ல சரக்கு கிடைப்பதுதான் கடினம்.

ஏடி28சி256. எண்ணில் ஒரே ஒரு இலக்கம் வேறு. இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனாலேயே பலரும் இதில் மாட்டுகிறார்கள். இதில் 1-ஆம் கால் ஏ14, 27 எழுது சைகை. மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஹோண்டா சாக்கெட்டில் போட்டால் ஏ14 எப்போதும் உயர்ந்தே நிற்கும், ஆகவே சிப்பின் மேல் பாதி மட்டுமே தெரியும். போதாக்குறைக்கு, ப்ராசஸர் கீழ்ப் பாதியைக் கேட்கும் போதெல்லாம் எழுது சைகை கீழே இறங்கும். ப்ரோக்ராமரில் எழுதிச் சரிபார்த்தால் எல்லாம் பொருந்தும், காரில் மட்டும் வேலை செய்யாது. இந்த வேலைக்கு இதை வாங்கவே வேண்டாம்.

எஸ்எஸ்டி 27எஸ்எஃப்512. 64 கிலோபைட், மின்சாரத்தாலேயே அழிக்கலாம், 12 வோல்ட் வேண்டும். ஹோண்டா ட்யூனர்கள் அதிகம் பயன்படுத்திய சிப் இது. இதில் 1-ஆம் கால் ஏ15. போர்டு அதை ஐந்து வோல்ட்டில் கட்டியிருப்பதால் ஈசியு சிப்பின் மேல் 32 கிலோபைட்டை மட்டுமே பார்க்கும். உங்கள் 32 கிலோபைட் கோப்பை ஹெக்ஸ் (பதினாறு இலக்க எண்முறை) 8000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப் வரை எழுத வேண்டும். ப்ரோக்ராமர் தானாக 0000-இலிருந்து தொடங்கும். அதை மாற்ற மறந்தால் ஈசியு வெறுமையான பகுதியைப் படித்துவிட்டுச் செக் என்ஜின் விளக்கை எரிய விட்டு உட்கார்ந்திருக்கும். முகவரிக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி உண்டு: ஒரே கோப்பை இரண்டு தடவை ஒட்டி 64 கிலோபைட் கோப்பாக்கி முழுச் சிப்பையும் நிரப்புங்கள். எந்தப் பாதியைப் படித்தாலும் சரியான தரவே கிடைக்கும்.

விண்பாண்ட் டபிள்யூ27சி512. மேலே சொன்னதற்கு மாற்று. கால் வரிசையும் முகவரி விதியும் அதேதான். அழிக்க 14 வோல்ட், எழுத 12 வோல்ட். உங்கள் ப்ரோக்ராமர் 14 வோல்ட் தரவில்லை என்றால் எழுதும், அழிக்காது. இரண்டாவது தடவையில்தான் தெரிய வரும்.

கண்ணாடி ஜன்னல் வைத்த 27சி256 ஈப்ராம். இன்றும் நம்பகமானது, ஆனால் பொறுமை வேண்டும். 2537 ஆங்ஸ்ட்ராம் புற ஊதா விளக்கின் அடியில், இரண்டரை சென்டிமீட்டருக்குள், பதினைந்து இருபது நிமிடம். எழுதிய பிறகு ஜன்னலின் மேல் ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நேர் வெயிலில் ஒரு வாரத்தில் தரவு அழியும். ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே மூன்று ஆண்டுகளில் போய்விடலாம் என்று சிப்பின் தரவுத்தாளே சொல்கிறது. ட்யூனிங் நடக்கும்போது இது ஒத்துவராது. ஒரு நாளில் இருபது தடவை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஜன்னல் இல்லாத ப்ளாஸ்டிக் 27சி256. ஒரே ஒரு தடவை எழுதலாம். மலிவு, உறுதி. ட்யூனிங் முடிந்து கடைசி மேப் (பெட்ரோல், இக்னிஷன் அட்டவணைகள் அடங்கிய கோப்பு) தயாரான பிறகு காரில் நிரந்தரமாக விட்டுவைக்க இதைவிட நல்லது இல்லை. ஏடி27சி256ஆர் இந்த வகைதான்.

வேகம், வெப்பம், போலிச் சரக்கு

சிப்பின் பெயருக்குப் பின்னால் 70, 15, 20 என்று வரும் எண் எத்தனை நானோ விநாடியில் பதில் சொல்லும் என்பதைக் குறிக்கும். 70 என்றால் 70, ஆனால் 15 என்றால் 150, 20 என்றால் 200. 150 நானோ விநாடியோ அதைவிட வேகமானதோ வாங்குங்கள். வேகம் கூடுவதால் நட்டமில்லை. மெதுவான சிப் குளிர்ந்திருக்கும்போது ஓடும், கார் சூடானதும் தடுமாறும்; கண்டுபிடிப்பதற்கு இதைவிடத் தொல்லையான கோளாறு குறைவு.

வெப்ப வரம்பில் 0 முதல் 70 டிகிரி வரை தாங்குவது சாதாரண வகை, கழித்தல் 40 முதல் 85 வரை தாங்குவது தொழில்துறை வகை. ஈசியு கேபினுக்குள் இருந்தாலும், வெயிலில் நின்ற காரின் உள்ளே ஈசியு தன் சொந்தச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். விலை வித்தியாசம் சிறிது. தொழில்துறை வகையையே எடுங்கள்.

உற்பத்தி நின்ற சிப் என்றாலே பழைய போர்டிலிருந்து கழற்றி, மேல்பரப்பைத் தேய்த்து, புதிய எண் அச்சிட்டு விற்பவை சந்தையில் நிறைய. கால் நுனியில் பழைய லெட் (சால்டரிங் ஈயம்) தடம் இருக்கிறதா பாருங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே துடையுங்கள். எழுத்து கரைந்தாலோ, கறுப்பு பூச்சு பஞ்சில் ஒட்டினாலோ சந்தேகப்படுங்கள். கழற்றியது என்பதால் மட்டும் கெட்டது ஆகிவிடாது, எண் மாற்றி விற்பதுதான் ஆபத்து. கடைசிச் சோதனை ப்ரோக்ராமரில் அடையாளக் குறியைப் படிப்பது: 27எஸ்எஃப்512 என்றால் பிஎஃப், ஏ4, டபிள்யூ27சி512 என்றால் டிஏ, 08, ஏடி29சி256 என்றால் 1எஃப், டிசி. வேறு எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பிறகு முழுவதும் அழித்து, வெறுமைச் சோதனை செய்து, ஏதாவது ஒரு கோப்பை எழுதிச் சரிபார்த்த பின்பே அந்தச் சிப்பைக் காருக்கு என்று எடுத்துவைக்கலாம்.

சாக்கெட்: சிறிய செலவு, பெரிய வேறுபாடு

28 கால் சாக்கெட் என்று கேட்டால் கடைக்காரர் ஒல்லியானதைக் கொடுக்க வாய்ப்பு அதிகம். அது 7.62 மில்லிமீட்டர் அகலம். ஏடிமெகா328 போன்ற மைக்ரோகன்ட்ரோலருக்கு. நமக்கு வேண்டியது 15.24 மில்லிமீட்டர், அகலமானது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் ஒரு பழைய ஈப்ராமைக் கையில் வைத்து அளவு பார்த்துவிடுவது உத்தமம்.

வகை மூன்று. முதலாவது, தகட்டை வளைத்துச் செய்த சாதாரண சாக்கெட். இரு பக்கத் தகடு காலை நெருக்கிப் பிடிக்கும். விலை அற்பம். அலங்கார விளக்குக்குச் சரி. அதிரும் காருக்குள், அதுவும் நாலைந்து தடவை சிப்பைக் கழற்றி மாட்டிய பிறகு, பிடி தளர்ந்துவிடும். இரண்டாவது, கடைந்தெடுத்த வட்டக் கால் சாக்கெட். ஒவ்வொரு துளைக்குள்ளும் நான்கு விரல் கொண்ட சிறு கவ்வி இருக்கும். பிடி உறுதி, உயரம் குறைவு. காருக்கு இதுதான். மூன்றாவது, நெம்புகோல் வைத்த ஸிஃப் சாக்கெட். நெம்பைத் தூக்கினால் சிப் தானாக வரும். ட்யூனிங் மேசையில் இதன் சுகம் தனி, ஆனால் உயரத்தால் ஈசியு மூடி இடிக்கும். அதிர்வில் நெம்பு நிரந்தரமாக இறுகியே நிற்கும் என்று நம்பவும் முடியாது. ட்யூனிங் முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வட்டக் கால் சாக்கெட்டின் துளை, சிப்பின் மெல்லிய தட்டைக் காலுக்கும் அரை மில்லிமீட்டர் வட்டக் கம்பிக்கும் ஏற்றது. போர்டுகளில் காணும் 0.64 மில்லிமீட்டர் சதுரப் பின்னை அதில் திணித்தால் கவ்வி விரிந்து போகும். பிறகு சிப்பை மாட்டினால் பார்வைக்கு உட்கார்ந்திருக்கும், மின்தொடர்பு வந்து வந்து போகும். ஆஸ்ட்ரிச் போன்ற எமுலேட்டரின் (சிப்புக்குப் பதிலாக மாட்டி, ஓடும்போதே மேப்பை மாற்றும் கருவி) கேபிளை மாட்டும் எண்ணம் இருந்தால், போர்டில் சால்டர் செய்த சாக்கெட்டில் நேராக மாட்டாமல் மேலே இன்னொரு வட்டக் கால் சாக்கெட்டை அடுக்கி அதில் மாட்டுங்கள். மேலே உள்ளது தேய்ந்தால் தூக்கி எறிந்து புதிதைப் போடலாம். போர்டைத் தொட வேண்டியதில்லை. ஸிஃப் சாக்கெட்டுக்கும் இதே முறை.

373 லாட்சுக்குச் சாக்கெட் தேவையில்லை. அதை யாரும் மாற்றப்போவதில்லை. நேராகச் சால்டர் செய்தால் தளரக்கூடிய இருபது தொடர்புகள் குறைகின்றன.

துளைகளைத் திறப்பது

வேலையில் கடினமான பகுதி இதுதான். ஹோண்டா அந்தத் துளைகளை லெட்டால் அடைத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறது. மேலே ஈரம் புகாத வார்னிஷ் பூச்சும் உண்டு. ஐசோப்ரோபில் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பூச்சைத் துடைத்தெடுங்கள். விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். உலோகம் வேண்டாம்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் இரும்பு, 350 டிகிரி, உளி வடிவ முனை. பழைய லெட் தானாக உருகி வராது. ஒவ்வொரு துளையிலும் முதலில் கொஞ்சம் புதிய 63/37 லெட் சேர்த்து உருக்கிக் கலக்கி, பிறகு உறிஞ்சியால் இழுங்கள். மிச்சத்துக்கு ஃப்ளக்ஸ் தடவிய செப்புப் பின்னல். ஒரே துளையில் நான்கைந்து விநாடிக்கு மேல் நிற்காதீர்கள், ஆற விட்டுத் திரும்ப வாருங்கள். 14-ஆம் துளை பெரிய தரைப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; அதற்கு மட்டும் 380 வரை ஏற்றலாம். துளைப்பானால் துளைக்கும் ஆசை வரும். கூடாது. துளையின் உட்சுவரில் உள்ள செப்புக் குழாய்தான் மேல் தடத்தையும் கீழ்த் தடத்தையும் இணைக்கிறது. அது உரிந்தால் சிப் இருந்தும் இல்லாத கதை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: திறந்த துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

பொருத்தும் வரிசை

உயரம் குறைந்ததில் தொடங்குங்கள்.

1. ஆர்54 என்று அச்சிட்ட இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். திசை இல்லை.
2. ஜே1 என்ற இடத்தில் கம்பி. வெளிச் சிப்பைப் படி என்று ப்ராசஸருக்குச் சொல்வது இதுதான். பிற்பாடு ஈசியுவைப் பழைய நிலைக்குத் திருப்ப இதை வெட்டினால் போதும்.
3. 74எச்சி373. பள்ளம் போர்டில் அச்சிட்ட பள்ளத்தோடு பொருந்த வேண்டும். இரண்டு எதிர் மூலைக் கால்களை மட்டும் முதலில் ஒட்டி, தட்டையாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மற்றவை.
4. 28 கால் சாக்கெட், அதே முறை. சாக்கெட்டின் பள்ளத்தையும் சரியான பக்கம் வையுங்கள். நாளைக்குச் சிப்பை மாட்டும்போது கண் அதைத்தான் நம்பும்.
5. சி51, சி52 இடங்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். சிப் மாறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தை இவை அருகிலிருந்தே தருகின்றன. "இல்லாமலும் ஓடுகிறதே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. இக்னிஷன் இரைச்சல் நிறைந்த காரில் அது சூதாட்டம்.

சிப் போடும் முன் மல்ட்டிமீட்டர். 14-க்கும் 28-க்கும் ஷார்ட் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு இடையே ஷார்ட் இருக்கக் கூடாது. 1-க்கும் 28-க்கும் மட்டும் தொடர்பு இருக்க வேண்டும். பிறகு ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைக் கழுவி உலர விடுங்கள்.

எழுதுவதும் மாட்டுவதும்

ப்ரோக்ராமரில் சிப்பின் சரியான பெயரையே தேர்ந்தெடுங்கள். 27எஸ்எஃப்512-ஐ 27சி256 என்று தேர்ந்தெடுத்து எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. மின்னழுத்தமும் மாறும், முகவரியும் மாறும். வரிசை: அழி, வெறுமை பார், கோப்பை ஏற்று, தொடக்க முகவரி கொடு, எழுது, சரிபார். சரிபார்ப்பை 4.5 வோல்ட்டிலும் 5.5 வோல்ட்டிலும் செய்யும் வசதி இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். களைத்துப்போன பழைய சிப் அங்கே மாட்டிக்கொள்ளும்.

முதல் தடவை உங்கள் ஈசியுவுக்குரிய அசல் கோப்பையே, எந்த மாற்றமும் செய்யாமல், எழுதி மாட்டுங்கள். கார் எப்போதும் போல் ஓடினால் சிப், சாக்கெட், சால்டரிங் மூன்றும் சரி. புது மேப்போடு தொடங்கி கார் ஓடாவிட்டால் குற்றம் கோப்பிலா கம்பியிலா என்று தெரியாமல் தவிக்க நேரும்.

புதிய சிப்பின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். சிப்பைப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்து ஒரு வரிசை முழுவதையும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள், மறுபக்கமும் அப்படியே, கால்கள் செங்குத்தாகும். கையில் மின்னிலை நீக்கும் பட்டை, பேட்டரியின் எதிர்மின் (−) முனை கழற்றிய கார். 28 கால்களும் துளைவாயில் நிற்கின்றனவா என்று இரு பக்கமும் குனிந்து பார்த்த பின்பே அழுத்துங்கள். ஒரு கால் உள்ளே மடங்கிப் போனால் மேலிருந்து பார்க்கத் தெரியாது. தலைகீழாக மாட்டினால் 14-உம் 28-உம் இடம் மாறி ஐந்து வோல்ட் தவறான பக்கம் ஏறும். சிப் சில விநாடியில் விரல் சுடும் அளவுக்குக் காய்ந்து செத்துவிடும். கழற்றும்போது இரு முனையிலும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நெம்புங்கள், அதுவும் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே. ஸ்க்ரூடிரைவர் சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே போனால் அடியில் ஓடும் தடங்கள் அறுபடும்.

ஒரே சிப்பில் இரண்டு மேப்

64 கிலோபைட் சிப்பின் உண்மையான பயன் இதில் இருக்கிறது. 1-ஆம் கால் ஏ15 என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரு காலை மட்டும் சாக்கெட்டுக்கு வெளியே மடக்கி நிறுத்தி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 28-ஆம் காலோடு இணையுங்கள். அதே காலிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் சிறு சுவிட்ச் வழியாக ஈசியு தரைக்குக் கொண்டுபோங்கள். சுவிட்ச் திறந்திருந்தால் 8000-இல் உள்ள மேப், மூடினால் 0000-இல் உள்ள மேப். ஒன்றில் சாதாரண பெட்ரோல், மற்றதில் பந்தய பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். என்ஜினை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்: ஓடும்போது மாற்றினால் ப்ராசஸர் ஒரு நிரலின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்குத் தாவும். கம்பியைக் குட்டையாக வையுங்கள். நீண்ட கம்பி இக்னிஷன் இரைச்சலை நேராக முகவரிக் காலுக்கு இழுத்து வரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஈசியுக்களுக்கு

அடிப்படை இதேதான், அளவுகள் மட்டும் வேறு. 1227730 என்ற எண் கொண்ட ஈசியுவுக்கு 27சி256. 1986-89 டிபிஐ (ட்யூன்ட் போர்ட் இன்ஜெக்ஷன்) வி8-களின் 1227165-க்கு 27சி128, 16 கிலோபைட். அங்கே 27-ஆம் காலும் ஐந்து வோல்ட்டில் கட்டப்படுவதால் 29சி256-இல் 4000-இலிருந்தும், 27எஸ்எஃப்512-இல் சி000-இலிருந்தும் எழுத வேண்டும். பிக்கப் லாரிகளின் 1227747-க்கு 24 கால் 2732ஏ, வெறும் 4 கிலோபைட். 28 கால் சிப்புக்கு அடாப்டர் வேண்டும், மேல்முகவரிகளை உயர்த்திக் கட்டும் அடாப்டரில் தொடக்கம் முறையே 7000, எஃப்000. அசல் 2732ஏ-வையே எழுத நினைத்தால் 21 வோல்ட் வேண்டும். 18 வோல்ட்டோடு நிற்கும் டிஎல்866 2 ப்ளஸ் போன்ற யுஎஸ்பி ப்ரோக்ராமர்கள் உதவாது. 7165, 7730 இரண்டிலும் ஈப்ராம் "மெம்கால்" என்ற சிறு போர்டில் இருக்கும். அதிலேயே நாக் சென்சார் (என்ஜின் தட்டும் ஓசையை உணரும் கருவி) வடிகட்டியும் அவசர ஓட்டத்துக்கான ரெசிஸ்டர்களும் உண்டு, அவை என்ஜினுக்கு என்ஜின் வேறு. ஈப்ராமை மட்டும் மாற்றும் அடாப்டர் வாங்குங்கள், மெம்காலைத் தூக்கி எறியாதீர்கள். சிப் படிக்காவிட்டால் பிழைக்குறி 51 வரும்.

ஹோண்டாவில் கோளாறு வந்தால்

சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும், பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும். இதை மேசையிலேயே பார்க்கலாம்: ஏ25, பி1 இரண்டுக்கும் 12 வோல்ட், ஏ23, ஏ24, ஏ26, பி2 நான்கும் தரை, ஏ13-க்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு சிறு பல்ப்.

விளக்கு அணையவே இல்லை என்றால் ப்ராசஸரால் சிப்பைப் படிக்க முடியவில்லை. முதலில் தொடக்க முகவரி, பிறகு 28சி256-ஆ என்று சிப்பின் எண், பிறகு மடங்கிய கால், பிறகு 373-இன் திசை, கடைசியாகத் துளைகளின் உட்சுவர். ஒவ்வொரு சாக்கெட் காலிலிருந்தும் தடம் போய்ச் சேரும் இடம்வரை மல்ட்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள்.

கார் நன்றாக ஓடுகிறது, ஆனால் மேப்பில் எதை மாற்றினாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஜே1 சரியாக இணையவில்லை. ஈசியு இன்னும் தன் உள் மெமரியில்தான் ஓடுகிறது. ஆர்பிஎம் எல்லையை 3000-க்குக் குறைத்து ஒரு கோப்பு எழுதி, கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

குளிரில் சரி, சூட்டில் அணைகிறது என்றால் மெதுவான சிப் அல்லது விரிந்த சாக்கெட். மேடு பள்ளத்தில் மட்டும் இடறினால் சாக்கெட்டேதான். மேசையில் ஓடவிட்டு, மரக்குச்சியால் சிப்பின் நான்கு மூலைகளையும் மெல்ல அழுத்துங்கள். பல்ப் மினுக்கும் மூலையில்தான் தளர்ந்த கால் இருக்கிறது. வெள்ளீயம் பூசிய கால்கள் அதிர்வில் உராய்ந்து மேலே மெல்லிய ஆக்சைடு படிந்திருக்கலாம். ஒரு தடவை கழற்றி மாட்டினாலே அது உரிந்து சரியாகும். சில மாதங்களில் திரும்ப வந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள், தொடர்பு ஸ்ப்ரேயை நம்பிக் காலம் தள்ளாதீர்கள்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு கடைசி மேப்பை ஒரு தடவை மட்டும் எழுதும் 27சி256-இல் எழுதி மாட்டுங்கள். சிப்பின் மேல் ஸ்டிக்கரில் தேதி, இன்ஜெக்டர் அளவு, கோப்பின் பெயர், செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை) நான்கையும் எழுதுங்கள். ட்யூனிங்குக்குப் பயன்படுத்திய ஃப்ளாஷ் சிப்பை, அதே கோப்போடு, கால்களைக் கறுப்பு மின்கடத்து ஸ்பாஞ்சில் குத்தி க்ளவ் பாக்ஸில் வையுங்கள்.